சிங்கப்பூரில் சரக்கு வண்டித் தேர்வு

சிங்கப்பூரில் பிக்அப், வேன், லாரி என்று மூன்று உருவங்களில் ஓடும் சரக்கு வண்டிகளைச் சட்டம் முதலில் எடையால்தான் பிரிக்கிறது. சுமையோடு சேர்த்து 3,500 கிலோ வரை அனுமதி பெற்றது இலகு சரக்கு வண்டி. அதற்கு மேல் 16,000 கிலோ வரை கனரகம். அதையும் தாண்டினால் மிகு கனரகம். பதிவெண் பலகையைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இலகு வண்டிகளின் எண் ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கும். பெரிய வண்டிகளுக்கு ‘ஒய்’, ‘எக்ஸ்’. லிட்டில் இந்தியாவில் காய்கறி, மளிகை, பூ, பாத்திரம் என்று எதை விற்பவரானாலும் பெரும்பாலும் தேடி வாங்குவது ‘ஜி’ வண்டியைத்தான்.

அமெரிக்காவில் பிக்அப் தேர்வு என்றால் ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ராம் 1500 ஆகிய மூன்றையும் வைத்து நடக்கும் தீராத வழக்கு. சிங்கப்பூரில் அந்த வழக்குக்கு வேலையே இல்லை. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் இந்த ஊரில், இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைச் சாதாரணமாகப் பதிவு செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் இந்த வண்டிகளை வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு மாற்றி விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. அப்படி மாற்றியதைக் கொண்டுவந்தாலும் நிறுத்துவதற்கு இடம் வேண்டுமே! இங்கே கார் நிறுத்துமிடத்தின் வழக்கமான அளவு 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். நான்கு கதவு எஃப்-150 ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2 மீட்டர் அகலம்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் பிக்அப் என்று காணக் கிடைப்பவை டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா, இசுசு டி-மேக்ஸ் போன்ற நடுத்தர வண்டிகள். அவற்றுக்கும் இடம் தாராளமாக இல்லை. இரட்டை கேபின் ஹைலக்ஸ் 5.3 மீட்டருக்குச் சற்று மேலே. கோட்டுக்கு வெளியே அரை மீட்டர் மூக்கை நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

சான்றிதழும் வரியும்

இந்த ஊரில் வண்டி வாங்குவதற்கு முன் வண்டி வைத்திருக்கும் உரிமையை வாங்க வேண்டும். 1990 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். எல்லோரும் ‘சிஓஇ’ என்றே சொல்வார்கள். மாதம் இருமுறை ஏலம் நடக்கிறது. சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் ‘சி’ பிரிவில் வருகின்றன. கடைக்காரரின் சிறு வேனும் பெரிய நிறுவனத்தின் சொகுசுப் பேருந்தும் ஒரே குவியலிலிருந்துதான் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்பது சிறு வியாபாரிகளை வருத்தும் ஏற்பாடு. 2023-இல் இந்தப் பிரிவின் விலை 80,000 வெள்ளியைத் தாண்டியது. பத்தடி லாரியின் இறக்குமதி விலையைவிட அது அதிகம். வண்டியைவிட அதற்கான தாள் விலை கூடியது என்ற நிலையில், எந்த வண்டி நல்லது என்பதைவிட எந்த மாதத்தில் ஏலம் கேட்பது என்பதே பெரிய கேள்வியாகிவிடுகிறது.

வரியில் மட்டும் சரக்கு வண்டிக்குச் சலுகை உண்டு. காருக்கான கூடுதல் பதிவுக் கட்டணம் அதன் சந்தை மதிப்பின் 100 விழுக்காட்டில் தொடங்கி மேலே ஏறும். சரக்கு வண்டிக்கு 5 விழுக்காடுதான். இந்த வித்தியாசத்தைப் பார்த்து, குடும்பத்தோடு போக இரட்டை கேபின் பிக்அப் வாங்கினால் லாபம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் சரக்கும் பயணியரும் சேர்ந்து செல்லும் வண்டி என்று ஒரு வகை தனியாக இருக்கிறது. அதற்குக் காருக்குரிய படிக்கட்டு வரிதான். பின்னிருக்கை உள்ள எந்த வண்டியானாலும் எந்த வகையில் பதிவாகும் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு நிறத்தைப் பற்றிப் பேசுவது நல்லது. காரைப் பத்தாண்டுக்குள் கழித்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். சரக்கு வண்டிக்கு அது கிடையாது.

மூன்று உருவங்கள்

லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலையில் விடியற்காலைச் சரக்கு இறங்குவதைப் பார்த்தால் பத்தடி லாரி ஏன் இந்தப் பேட்டையின் வண்டியாயிற்று என்பது புரியும். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து வரும் வண்டி கடை வரிசையை ஒட்டி நிற்கிறது. ஓட்டுநர் பக்கத் தாழ்ப்பாளைத் தட்டிப் பலகையைக் கீழே மடக்குகிறார். பின்புறமும் இரு பக்கமும் திறக்கும் தட்டு என்பதால் நடைபாதைப் பக்கமிருந்தே முருங்கைக்காய்க் கட்டும் வாழையிலைச் சுருளும் கைக்குக் கை மாறி உள்ளே போகின்றன. பின்னால் வந்த வண்டி காத்திருக்கிறது. பத்து நிமிடத்தில் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். பின்கதவு மட்டுமே திறக்கும் பெட்டி வண்டிக்கு இந்தச் சாலையில் அத்தனை மதிப்பில்லை.

பத்தடி என்பது தட்டின் நீளம். டொயோட்டா டைனா, இசுசு, மிட்சுபிஷி ஃபூசோ கேன்டர், நிசான் கேப்ஸ்டார் எல்லாம் இந்த அளவில் ஓடுகின்றன. அடுத்தது பதினான்கடி லாரி. அது பெரும்பாலும் 3,500 கிலோ வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் பல விஷயங்கள் ஒன்றாக மாறுகின்றன. விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டராக இருந்த வேக வரம்பு 60 ஆகிறது. 2026 தொடங்கிக் கட்டம் கட்டமாக வேகக் கட்டுப்படுத்திக் கருவியும் பொருத்த வேண்டியிருக்கிறது. மின்னியல் சாலைக் கட்டணத்தில் இலகு வண்டிக்குக் காரின் கட்டணமே. கனரகத்துக்கு ஒன்றரை மடங்கு. 5,000 கிலோவையும் தாண்டினால் இரவில் நிறுத்துவதற்கு இடம் இருக்கிறது என்று நிறுத்துமிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். சுமையில்லா எடை 2,500 கிலோவுக்கு மேற்பட்ட டீசல் லாரிக்கு மூன்றாம் வகுப்பு ஓட்டுநர் உரிமம் போதாது. நான்காம் வகுப்பு தேவை.

கதவில் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்தான் உண்மையான விவரக் குறிப்பு. ஒன்று அதிகபட்சச் சுமை எடை, மற்றொன்று சுமையில்லா எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஏற்றக்கூடியது. 3,500-இல் 2,200 போனால் 1,300 கிலோ. 25 கிலோ அரிசிப் பை 52. அதே லாரிக்குக் கூரை, பக்கக் கம்பி, பின்னால் ஏற்றி இறக்கும் டெயில் லிஃப்ட் எல்லாம் வைத்துக்கொண்டால் சில நூறு கிலோ அவற்றுக்கே போய்விடும். விற்பனைக்கூடத்தில் லிஃப்டின் வசதியைச் சொல்வார்கள். அரிசிப் பை குறைவதை நாம்தான் கேட்க வேண்டும்.

வேனில் டொயோட்டா ஹையேஸ் பேரரசர். வழக்கமான நீளத்தில் 4.695 மீட்டர், 4.8 மீட்டர் கோட்டுக்குள் அடக்கமாக நிற்கும். உயரம் 1.98 மீட்டர் என்பதால் பல அடுக்கு நிறுத்துமிடங்களின் உயரத் தடுப்புகளை உரசாமல் நுழையும். அதன் உயர்கூரை வகையை எடுப்பவர் தாம் அன்றாடம் நுழையும் நிறுத்துமிடத்தின் தடுப்பை அளந்து பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். துணி, நகை, உணவு விநியோகம், பூமாலை போன்றவற்றுக்கு மழை படாத, பூட்டக்கூடிய வேனே சரி. தண்ணீர் சொட்டும் கீரைக்கும் மீனுக்கும் லாரித் தட்டு, கழுவிவிட்டால் போதும்.

பிக்அப் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. தட்டு குட்டை, உயரம் அதிகம், பக்கங்கள் திறக்காது. ஒரு குழுவும் அதன் கருவிகளும் சேர்ந்து கட்டுமானத் தளத்துக்குப் போக வேண்டிய இடத்தில், ஏணி, குழாய், மின்கம்பிச் சுருளோடு அலையும் ஒப்பந்தக்காரருக்கு அது பொருந்தும். வியாபாரத் தெருவில் அதற்கு வாதாட ஒன்றுமில்லை.

ஆள் ஏற்றும் லாரி

லாரியைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் சரக்குக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை என்பது இந்தப் பொருளின் கசப்பான பகுதி. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் விடுதியிலிருந்து வேலைத்தளத்துக்கு லாரித் தட்டில் உட்கார்ந்து போவது இங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. சரக்கு வண்டியில் பயணிகளை ஏற்றக் கூடாது என்ற பொது விதிக்கு, முதலாளி தன் வேலையாட்களை ஏற்றலாம் என்பது விலக்கு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூரையும் உயர்ந்த பக்கக் கம்பியும் கட்டாயமாயின. 2021 ஏப்ரலில் பிஐஇ எனப்படும் தீவு விரைவுச்சாலையில் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரி நின்றிருந்த டிப்பரில் மோதி இருவர் இறந்தார்கள். அதன்பின் விவாதம் மீண்டும் நாடாளுமன்றம் வரை போயிற்று. 2023 தொடக்கத்திலிருந்து மழைத் தடுப்பு, தளத்தில் வேலை பார்த்துவிட்டு ஓட்டுகிறவருக்கு 30 நிமிட ஓய்வு, ஓட்டுநர் தூங்கிவிடாமல் கவனிக்க ஒரு துணையாள் என்ற விதிகள் வந்தன.

முழுத் தடை வந்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது, பேருந்துகளும் ஓட்டுநர்களும் போதாது என்பது அரசின் நிலை. இருக்கையும் இருக்கைவாரும் இல்லாத தட்டில் மனிதர்கள் போவதே தவறு என்பது தொண்டு அமைப்புகளின் நிலை. வண்டி வாங்குபவரின் கணக்கு இதைவிட எளிது: ஒரே லாரி பகலில் சிமெண்டும் மாலையில் ஆளும் ஏற்றும், பேருந்து ஆளை மட்டும்தான் ஏற்றும். சான்றிதழ் விலை ஏற ஏற இரட்டை வேலை செய்யும் வண்டியின் கவர்ச்சியும் ஏறும். பாதுகாப்பு விதிகளை எத்தனை சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாதவரை லாரித் தட்டு காலியாகாது.

எரிபொருள்

டீசலின் பழைய செல்வாக்கு குறைந்துவருகிறது. 2017-இல் லிட்டருக்கு 10 காசு தீர்வை வந்தது. 2019-இல் 20 காசானது. 2018 முதல் புதிய டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 தரம் கட்டாயம். 2021 ஏப்ரலில் தொடங்கிய வர்த்தக வாகன மாசுத் திட்டம் இலகு சரக்கு வண்டிகளை மாசின் அளவுப்படி பிரித்து, சுத்தமான வண்டிக்கு ஊக்கத்தொகையும் மோசமானதற்குக் கூடுதல் கட்டணமும் வைத்தது. மின்வேனுக்கு ஆரம்பத்தில் 30,000 வெள்ளி கிடைத்தது. 2023-இல் அது 15,000 ஆகக் குறைந்தது. தினமும் நகருக்குள்ளேயே சுற்றி இரவில் ஒரே இடத்தில் நிற்கும் வேனுக்கு மின்சாரம் நன்றாகவே ஒத்துவரும். நிற்கும் இடத்தில் மின்னேற்றி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கடைவீட்டு வரிசையில் இருக்கும் வியாபாரிக்கு அது அவர் கையில் இல்லை.

எந்தப் பெயர்

டைனாவா இசுசுவா என்ற சண்டை காப்பிக்கடையில் ஓயாது. உள்ளே பார்த்தால் டொயோட்டா டைனாவும் ஹினோ டியூட்ரோவும் உடன்பிறப்புகள்; ஜப்பானில் மஸ்டா டைட்டன் என்று விற்பது இசுசு எல்ஃப். எனவே பெயர்ப்பலகையைவிட கியர் முக்கியம். தானியங்கி கியருக்கு மட்டும் உரிமம் பெற்ற 3ஏ வகுப்பு ஓட்டுநர்கள் பெருகிவருகிறார்கள். கையால் மாற்றும் கியர் உள்ள லாரியை மலிவாக வாங்கிவிட்டு, அதை ஓட்ட ஆள் தேடி அலைந்தால் மிச்சப்படுத்திய பணம் எங்கே? 2010-இல் கேன்டரில் வந்த இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் போன்றவற்றை வாங்கும்போது, அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பணிமனை பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தாண்டு முடிந்ததும் வேறொரு தேர்வு காத்திருக்கிறது. முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டிச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பிக்கலாம். பாதித் தொகை கட்டினால் ஐந்தாண்டு. ஐந்தாண்டு எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. எப்படியானாலும் சரக்கு வண்டியின் ஆயுள் 20 ஆண்டோடு முடிகிறது. பழைய டீசல் வண்டியைக் கழித்துப் புதியது எடுத்தவருக்கு 2013-இல் தொடங்கிய முன்கூட்டி மாற்றும் திட்டம் ஏலத்துக்குப் போகாமலே தள்ளுபடியில் சான்றிதழ் தந்தது. ஏலம் உச்சத்தில் இருந்த மாதங்களில், ஓடாத பழைய லாரிக்கும் வாங்க ஆள் வந்தது அதனால்தான்.