பழைய மின்னஞ்சல் முறைமைகளும் தமிழ்க் கடிதச் சான்றுகளும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அரசாங்க ஆவணங்கள் மாத்திரம் போதியன ஆகா. மக்கள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களும் இன்றியமையாத சான்றுகளாகும். குடும்பத்தில் ஒருவர் கடலிலும் ஏனையோர் கரையிலுமாக வாழ்ந்த வல்வெட்டித்துறை போன்ற ஊருக்கு இக்கூற்றுப் பெரிதும் பொருந்தும். அவ்வூரிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1937இல் புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதனை வாங்கிய அமெரிக்கர் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றியிருந்தார். இரு பெயர்களும் ஒரே கப்பலுக்குரியவை என அறியாதவர், கண்முன்னே கிடக்கும் சான்றையும் காணாது விடுவர். சான்று இருப்பது ஒன்று. அதனைப் படிப்பதற்கான திறவுகோல் இருப்பது வேறொன்று. இவ்வுண்மை மின்னஞ்சற் கடிதங்களுக்கும் பொருந்துமாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1983ஆம் ஆண்டின் பின்னர் வல்வெட்டித்துறை மக்களிற் பலர் கனடா, பிரித்தானியா முதலிய நாடுகளிற் குடியேறினர். 1990களிற் புலம்பெயர்ந்தோரிடையே மின்னஞ்சல் பரவலாயிற்று. முன்னர் வந்த வான்கடிதத்தை இன்றும் பெட்டியிலிருந்து எடுத்துப் படிக்கலாம். பின்னர் வந்த தமிழ் மின்னஞ்சல்களிற் பலவற்றை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இந்நிலைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பழைய அஞ்சல் வழங்கிகளின் விதி. மற்றையது, பழைய தமிழ் எழுத்துருக்களின் அமைப்பு.

மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு சேர்க்கும் மென்பொருள் அஞ்சல் வழங்கி எனப்படும். அவ்வழங்கிகள் கைக்கொள்ளும் விதியை 1982இல் ஜொன் பொஸ்ரெல் வரைந்தார். ஓர் எழுத்துக்கு ஏழு பிற்றுகளே உரியவை என்பது அதன் அடிப்படையாகும். பிற்று என்பது பூச்சியம் அல்லது ஒன்று என்னும் மிகச் சிறிய அலகு. ஏழு பிற்றுகளால் 128 குறிகளையே குறிக்கலாம். ஆங்கிலத்துக்கு அவை போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் எரிக் ஓல்மன் உருவாக்கிய ‘சென்ட்மெயில்’ என்னும் வழங்கி உலகெங்கும் பயன்பட்டது. அதன் முந்திய பதிப்புகள் எட்டாவது பிற்றைக் கண்டால் அதனை நீக்கிவிடும். 1993இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு அவ்வாறு செய்யவில்லை. எனினும், புதிய பதிப்பு வந்தவுடன் பழையது எங்கும் அகற்றப்பட்டுவிடுவதில்லை. ஒரு கடிதம் பல வழங்கிகளைக் கடந்து செல்லும்; அவற்றுள் ஒன்று பழையதாயினும் கடிதம் சிதைந்துவிடும்.

தமிழ் எழுத்துருக்கள் இச்சூழலில் இரு வழிகளிற் சென்றன. 1990களின் பிற்பகுதியில் அமைந்த ‘திஸ்கி’ குறியீடு, முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டு, எட்டாவது பிற்றால் வரும் அடுத்த 128 இடங்களில் தமிழை வைத்தது. எட்டாவது பிற்றை நீக்கும் வழங்கியில் அகப்பட்ட திஸ்கிக் கடிதம் தன் தமிழ் முழுவதையும் இழந்தது. இலங்கைத் தமிழர் பெரிதும் கையாண்ட ‘பாமினி’ எழுத்துருவோ ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழெழுத்துகளிற் பெரும்பாலானவற்றை அமைத்தது. ஆதலால் அது பழைய வழங்கிகளைப் பெரும்பாலும் ஊறின்றிக் கடந்தது. ஆயினும், பெறுபவர் கணினியிற் பாமினி இல்லையேல் ‘அம்மா’ என்னுஞ் சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும்.

இதற்கிடையில் ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் தமிழுக்குத் தனியிடம் வழங்கியது. ‘விண்டோஸ் 2000’ முதலாகப் புதிய பணிசெயல் முறைமைகள் அதனை ஏற்றன. இலங்கையில் 2008இல் தமிழ்க் குறியீட்டுக்கான தேசியத் தரமும் வகுக்கப்பட்டது. இம்மாற்றத்தின்போது அஞ்சல் வழங்கிகளின் பழைய விதி தூக்கியெறியப்படவில்லை என்பது நோக்கற்பாலது. 1992இல் வகுக்கப்பட்ட ‘மைம்’ முறை, புதிய எழுத்துகளை ஏழு பிற்றுக் குறிகளாகப் பொதிந்து அனுப்ப வழிசெய்தது. இதன்படி ஓர் ஒருங்குறித் தமிழ்க்குறி நான்கு ஆங்கிலக் குறிகளாகப் பொதியப்படலாம். ஐந்து குறிகள் கொண்ட ‘அம்மா’ இருபது குறிகளாகச் செல்லும். கடிதம் எக்குறியீட்டில் எழுதப்பட்டது என்பதும் அதன் தலைப்பிலேயே பொறிக்கப்படும். இதனால் எத்தனை பழைய வழங்கியைக் கடந்தாலும் பெறுபவர் அதனைப் பிழையின்றி விரிக்கலாம். பாமினிக் கடிதத்தின் தலைப்பிலோ எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.

பெயர் தெரிந்தவிடத்துப் பாமினிக் கடிதத்தை ஒருங்குறிக்கு மாற்றுதல் இயலும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் முன்னே நிற்கும் கொம்பைப் பின்னே நகர்த்துதல் முதலிய சில விதிகளே வேண்டும். ஆனால் இடையிடையே ஆங்கிலத்தில் எழுதிய இடப்பெயர், விலாசம் என்பனவும் தமிழாக மாற்றப்பட்டுச் சிதையக்கூடும். புலம்பெயர்ந்தோர் கடிதங்களில் இத்தகைய கலப்பு இயல்பானதே. ஒருவர் எங்கே வாழ்ந்தார், எங்கே வேலை செய்தார் என்பவற்றை அறிய உதவும் பகுதிகளே அவ்வாறு அழிகின்றன. எட்டாவது பிற்றை இழந்த திஸ்கிக் கடிதத்தை மீட்பது இதனினும் கடினம்.

ஆகவே, பழைய கடிதங்களைப் பேணுவோர் மூன்றினைச் செய்தல் வேண்டும். மூலக்கோப்பை மாற்றாது வைத்தல், அதற்குரிய எழுத்துருவையும் அதன் பெயரையும் உடன் சேர்த்தல், ஒருங்குறிப் படியைத் தனியாக அமைத்தல் என்பனவே அவை. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் பேணி வருகின்றது. தனிப்பட்ட மின்னஞ்சல்களோ ஒவ்வொரு வீட்டின் பழைய கணினியிலும் வட்டிலும் சிதறிக் கிடப்பவை. அவற்றைக் காக்கும் பொறுப்பு முதலில் அவ்வவ் வீட்டாருடையது. அக்கணினிகள் எறியப்படுமுன் இப்பணி தொடங்கப்படுமாயின், வல்வெட்டித்துறையின் அண்மைக்கால வரலாற்றை அவ்வூர் மக்களின் சொற்களிலேயே எழுதுதல் வருங்காலத்தார்க்குக் கைகூடும்.