மூக்குக்கண்ணாடியும் முகத்தோற்றமும்: சட்டகத் தேர்வின் வரலாறு

மூக்குக்கண்ணாடியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வில்லையின் வரலாற்றையே எழுதியுள்ளனர். ஒளியியல் அறிவின் வளர்ச்சி, வில்லை தேய்க்கும் தொழில்நுட்பம், படிப்பறிவின் பரவல் ஆகியவற்றோடு இணைத்து நோக்குவோர்க்கு அதுவே இயல்பான வழி. வில்லையைத் தாங்கி முகத்தின்மேல் அமரும் சட்டகம், பேச்சுவழக்கில் ‘பிரேம்’ எனப்படுவது, அவ்வரலாறுகளில் துணைப்பொருளாகவே நின்றுவிடுகிறது. ஆயின் கண்ணாடி அணிந்தவர் வில்லை வழியே உலகைக் காண்கிறார். உலகமோ அவர்தம் சட்டகத்தைக் காண்கிறது. பிறர் கண்ணுக்குத் தாம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்னும் முடிவு சட்டகத் தேர்வில் அடங்கியுள்ளது. இத்தேர்வு அண்மைக்கால வணிகம் தோற்றுவித்த ஆடம்பரம் என்னும் கருத்துப் பரவலாக உண்டு. இந்தியச் சான்றுகள் அக்கருத்துக்கு இடந்தரவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பெயர்வழக்கு

தமிழில் ‘ஆடி’ என்பது முகம் பார்க்கும் ஆடியைக் குறிக்கும் பழஞ்சொல். குறுந்தொகையிலேயே அப்பொருளில் வந்துள்ளது. கண்ணாடி என்னும் சொல்லும் அப்பொருளிலேயே வழங்கிற்று. பார்வைக்கு உதவும் புதிய கருவி வந்தபோது, முன்னரே வேறொரு பொருளுக்கு உரியதாகிவிட்ட அச்சொல்லுக்கு அடைமொழி தேவைப்பட்டது. அண்டை மொழிகள் இத்தேவையை வெவ்வேறு வழிகளில் நிறைவு செய்துள்ளன. மலையாளம் ‘கண்ணாடி’யை ஆடிக்கு வைத்துக்கொண்டு, ‘கண்ணட’ என்பதைப் புதுக்கருவிக்கு ஆக்கிற்று. கன்னடத்தில் ‘கன்னடக’ என்பது வழக்கு. தெலுங்கு ‘கள்ளத்தாலு’, அதாவது கண்களுக்குரிய ஆடிகள், என்றது. இந்தியில் வழங்கும் ‘சஷ்மா’ பாரசீகச் சொல்லிலிருந்தும் ‘ஐனக்’ அரபுச் சொல்லிலிருந்தும் பிறந்தவை. இரண்டின் வேரிலும் கண்ணே உள்ளது.

தமிழ் மட்டும் மூக்கைத் தேர்ந்தது. இது வியப்புக்குரியது. கண்ணுக்கு உதவும் கருவியை அது தங்கும் இடத்தால் பெயரிட்டமையால், தமிழ்ப்பெயர் வில்லையைக் காட்டிலும் சட்டகத்தையே சுட்டுகிறது எனலாம். ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை சட்டகத்துக்குக் காதில் மாட்டும் கால்கள் இல்லை. இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய கண்ணாடி, கையால் பிடித்தோ மூக்கின்மேல் நிறுத்தியோ பயன்படுத்தப்பட்டது. இலண்டன் கண்ணாடி வினைஞர் எட்வர்டு ஸ்கார்லெட் 1730ஐ ஒட்டிக் கால்கள் வைத்த சட்டகத்தை விற்றார். நடக்கும்போதும் பேசும்போதும் கழற்றாமல் அணியும் நிலை அதன் பின்னரே எளிதாயிற்று. படிக்கும் நேரத்துக் கருவி முகத்தின் உறுப்பாகத் தொடங்கியதும் அப்போதுதான்.

ஓவியமும் மணிச்சட்டகமும்

இந்தியாவில் மூக்குக்கண்ணாடி பற்றிய தொடக்கச் சான்றுகளைத் திரட்டியவர் புனே பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பி.கே. கோடே. விசயநகர அரசவையில் மதிப்புற்று விளங்கிய மத்துவ மடத்துத் துறவி வியாசராயர் கண்ணாடியின் துணையால் சுவடி படித்ததாகச் சோமநாதரின் ‘வியாசயோகிசரிதம்’ என்னும் வடமொழி நூல் கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த செய்தி இது. முகலாய ஓவியர் மீர் சையது அலி தம் தந்தை மீர் முசவ்விரை வரைந்த ஓவியத்தில் அம்முதியவர் கண்ணாடி அணிந்துள்ளார். அது இன்று பாரிசிலுள்ள கீமே அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்விரு சான்றுகளிலும் கண்ணாடி குறைபாட்டின் அடையாளமாக வரவில்லை. முதுமையும் கல்வியும் கைத்திறனும் ஒருங்கே வாய்த்தவரின் சின்னமாகவே அது காட்டப்படுகிறது. ஐரோப்பாவிலும் இத்தகைய பார்வை இருந்தது. தொமாசோ தா மொதேனா 1352இல் திரெவீசோவில் தீட்டிய சுவரோவியத்தில் கர்தினால் ஒருவர் கண்ணாடியுடன் காட்சி தருகிறார். அவர் மறைந்ததோ 1263இல், கண்ணாடி தோன்றுவதற்கு முன்னர்! அறிஞர் என்று காட்ட வேண்டிய தேவை ஓவியருக்குக் காலக்கணக்கினும் பெரிதாயிருந்தது.

2021இல் இலண்டன் சோதபி நிறுவனம் ஏலத்துக்குக் கொணர்ந்த இரு முகலாயக் கண்ணாடிகள் பிறிதொரு வகையில் கருதத்தக்கன. ஒன்றன் வில்லைகள் மரகதம். மற்றதன் வில்லைகள் வைரம். கற்கள் 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை என்றும், அவற்றைத் தாங்கும் வைரம் பதித்த சட்டகங்கள் 19ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்றும் மதிப்பிட்டுள்ளனர். வில்லையை மாற்றாமல், தம் காலத்துக்கேற்பச் சட்டகத்தை மட்டும் ஒருவர் புதுப்பித்துள்ளார். இன்று கடைக்குச் சென்று ‘பவர் அதேதான், பிரேம் மட்டும் மாற்ற வேண்டும்’ என்பவரின் செயலும் இதுவே.

வட்டச் சட்டகம்

காந்தியடிகளின் வட்டக் கண்ணாடி எளிமையின் உருவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அவர் அணிந்த காலத்தில் மெல்லிய உலோக வட்டச் சட்டகம் பலரும் அணிந்த பொதுவடிவமே. 2020இல் பிரித்தானியாவின் பிரிஸ்டல் நகரில் 2,60,000 பவுனுக்கு ஏலம்போன, அவருடையது எனப்பட்ட கண்ணாடி தங்கமுலாம் பூசியது. எனவே எளிமை அச்சட்டகத்தின் பொருளிலோ வடிவிலோ இயல்பாக இருந்ததன்று. உலகின் விருப்பம் வேறு வடிவங்களுக்கு மாறிய பின்னரும் அவர் மாறாமல் இருந்ததிலிருந்தே அது பிறந்தது. மாற்றாமையும் ஒரு தேர்வே. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் சின்னத்தில் முகமே இல்லை. இரு வட்டங்களும் ஒரு பாலமும் அவரை உணர்த்தப் போதுமாயின. 2016 முதல் வெளிவந்த புதிய பணத்தாள்களிலும் அச்சின்னம் இடம்பெற்றது.

அண்ணல் அம்பேத்கரின் சிலைகள் இதனினும் தெளிவான சான்று. ஊர்முனைகளில் நிற்கும் சுதைச் சிலைகளில் வில்லைக்கு இடமில்லை. கறுப்பு வண்ணம் தீட்டிய விளிம்பு மட்டுமே உண்டு. காண உதவாத அவ்விளிம்பை நீக்கினால் சிலை அடையாளம் இழந்துவிடும். நீல நிற உடையும் கையிலுள்ள நூலும் போல அதுவும், கல்வி மறுக்கப்பட்டோரிடமிருந்து எழுந்து கற்றவர் என்பதை அறிவிக்கிறது. வியாசராயருக்கும் மீர் முசவ்விருக்கும் உரித்தாயிருந்த கற்றோர் சின்னம் இங்கு உரிமைக்குரலாக மாறியிருத்தல் காண்க. தமிழகத்துப் பெரியார் சிலைகளிலும் தடித்த விளிம்பு தாடியோடு ஒத்த இடம் பெறுகிறது.

கறுப்புக் கண்ணாடி

வெயிற்கண்ணாடி பிற இடங்களில் கதிரவனால் பெயர் பெற்றிருக்க, தமிழிலும் மலையாளத்திலும் ‘கூலிங் கிளாஸ்’ என்றே வழங்குகிறது. வெம்மை தணிக்கும் பொருளாக அதனைக் கருதும் மனநிலை இப்பெயரில் உள்ளது. இதற்கு இருவேறு மரபுகள் உண்டு. ஒன்று மருத்துவம் சார்ந்தது: கண்புரை அறுவைக்குப் பின் ஒளி கூசாதிருக்க நோயாளிக்குத் தரப்படும் கறுப்புக் கண்ணாடி. மற்றது வானூர்தி ஓட்டிகளுக்கென அமைந்து, 1937இல் பாஷ் அண்டு லாம்ப் நிறுவனத்தால் ரேபான் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்து, திரைப்படத்தின் வழி உலகெங்கும் பரவிய ஒப்பனை மரபு. ஒரே பொருள் ஒருவர் முகத்தில் நோயையும் இன்னொருவர் முகத்தில் மிடுக்கையும் உணர்த்துகிறது.

இவ்விரு மரபுகளும் தமிழக அரசியலில் ஒன்று கலந்தன. மு. கருணாநிதி கறுப்புக் கண்ணாடி அணியத் தொடங்கியது சாலை விபத்தில் கண் பாதிக்கப்பட்டமையால். காலப்போக்கில் மஞ்சள் துண்டைப் போலவே அதுவும் கேலிச்சித்திரக்காரர்க்கு அவரை வரையப் போதிய குறிப்பாயிற்று. 2017இல் அவர் வேறு கண்ணாடிக்கு மாறியபோது அது செய்தியாக வெளியிடப்பட்டது. எம்.ஜி.ஆரின் கறுப்புக் கண்ணாடியோ வெண்தொப்பியோடு இணைந்து, திரையிலிருந்து ஆட்சிக்கு வந்தவரின் தோற்றத்தை நிலைப்படுத்திற்று. எதிரெதிர் நின்ற இரு தலைவர்களும் கண்களை மறைத்தவாறே மக்கள் மனத்தில் பதிந்தது கருதத்தக்கது. மறைக்கும் சட்டகமும் காட்டும் சட்டகமாகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

பொதுமக்களின் தேர்வு

தலைவர்க்கு அடையாளமான அதே பொருள் எளியோர்க்கு இழிவாகவும் அமைந்தது. தடித்த வில்லை அணிந்த மாணவரைச் ‘சோடாபுட்டி’ என அழைத்த வழக்கு பலரும் அறிந்தது. பெண்கள் நிலை இன்னும் கடினம். திரைப்படத்தில் கதைத்தலைவி கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகும் காட்சி வழக்கமாகிவிட்ட சூழலில், பெண் பார்க்க வரும் நாளில் கண்ணாடியை மறைத்து வைத்த வீடுகள் இருந்ததில் வியப்பில்லை. சட்டகத்தைத் தேர்ந்து பெருமையுடன் அணியும் இன்றைய வழக்கத்தை வெறும் பகட்டென ஒதுக்குவோர் இவ்விழிவின் வரலாற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

1877இல் தொடங்கப்பட்ட லாரன்ஸ் அண்டு மேயோ முதலிய பழைய நிறுவனங்களோடு, 2007இல் டைட்டன் ஐபிளஸ், 2010இல் லென்ஸ்கார்ட் ஆகியவை வந்தபின் தேர்வின் பரப்பு விரிந்தது. இக்கடைகளில் முகவடிவத்தை வட்டம், சதுரம், நீள்வட்டம் எனப் பிரித்து, வட்டமுகத்துக்குக் கோணச்சட்டகமும் கோணமுகத்துக்கு வளைந்த சட்டகமும் பரிந்துரைப்பர். சாமுத்திரிகத்தின் புதுப்பதிப்பு எனத்தக்க இவ்விதி, நீள்வட்ட முகமே நிறைவானது என்னும் முற்கோளின்மேல் நிற்பது. அதனை ஏற்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. ஒளியியல் சார்ந்த விதிகளோ அத்தகையன அல்ல. கிட்டப்பார்வைக்கான வில்லை விளிம்பில் தடிப்பதால், மிகுந்த பவர் உடையோர்க்குச் சிறிய சட்டகம் எடையையும் தடிப்பையும் குறைக்கும். கருமை மட்டும் புறஊதாக் கதிரைத் தடுக்காது. வடிகட்டும் தன்மையற்ற கறுப்பு வில்லைக்குப் பின் கண்மணி விரிந்து, அக்கதிர் மிகுதியாக உட்புக வழி ஏற்படும்.

இவற்றினும் முதன்மையானது மூக்குப்பாலம். உயர்ந்த மூக்குத்தண்டுடைய ஐரோப்பிய முகத்தை அளவாகக் கொண்டு வார்க்கப்பட்ட சட்டகங்கள், தண்டு தாழ்ந்த ஆசிய முகங்களில் வழுகிக் கன்னத்தில் படிந்தன. சில நிறுவனங்கள் பின்னர் ஆசிய முகங்களுக்கென மூக்குத்தாங்கியை உயர்த்தித் தனிச் சட்டகங்களை அமைத்தன. கடையில் சட்டகத்தை அணிந்து பார்ப்பவர் குனிந்து நிமிரும்போது அது நழுவுகிறதா என்று நோக்குவதே முதல் தேர்வு; நிறமும் வடிவும் அதன் பின்னரே.