கல்லூரிப் போட்டியில் கைகலப்பு... வீரருக்கு என்ன தண்டனை? யார் கொடுப்பது? - முழு விவரம்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். பக்கத்து ஊர் கல்லூரியோடு கபடி இறுதிப்போட்டி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்கோர் சமநிலை. கடைசி ரெய்டு. பிடிபட்ட ரெய்டரை விசில் ஊதிய பிறகும் ஒருவர் தரையோடு அழுத்துகிறார். எழுந்தவர் ஓங்கி ஒரு அறை விடுகிறார். அடுத்த நொடி இரண்டு பக்க பெஞ்சும் காலி. எல்லாரும் கோர்ட்டுக்குள்ளே.

மறுநாள் அந்த வீடியோ ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும். 'அவனை காலேஜை விட்டே தூக்கணும்' என்று ஒரு தரப்பு சொல்லும். 'விளையாட்டுல இதெல்லாம் சகஜம்' என்று இன்னொரு தரப்பு சொல்லும். உண்மையில் விதி என்ன சொல்கிறது? தண்டனை கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மைதானத்துக்குள் நடுவரின் அதிகாரம் என்ன?

முதல் தண்டனை அங்கேயே, அப்போதே கிடைத்துவிடும். அதைக் கொடுப்பவர் நடுவர்.

கபடியில் மூன்று அட்டைகள் உண்டு. பச்சை அட்டை என்றால் எச்சரிக்கை. மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். சிவப்பு அட்டை என்றால் அந்த ஆட்டம் அவருக்கு முடிந்தது. ரெய்டரின் வாயைப் பொத்துவது, காயம் ஏற்படும்படி முரட்டுத்தனமாகப் பிடிப்பது, கால்களால் கத்திரிபோலப் பூட்டுவது எல்லாமே விதிப்படி ஃபவுல்தான்.

கால்பந்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில் அறிமுகமாயின. எதிராளியை அடிப்பது, கடிப்பது, துப்புவது, ஆபாசமாகத் திட்டுவது அல்லது சைகை காட்டுவது ஆகியவற்றுக்கு நேரடி சிவப்பு அட்டை. 2019 முதல் பயிற்சியாளர் உள்ளிட்ட அணி அலுவலர்களுக்கும் அட்டை காட்டலாம் என்று விதி மாறியது. அதாவது வெளியே நின்று தூண்டிவிடுபவரும் தப்ப முடியாது.

வாலிபாலில் கணக்கு கொஞ்சம் வேறு. சிவப்பு அட்டை காட்டினால் எதிரணிக்கு ஒரு புள்ளி. மஞ்சள், சிவப்பு இரண்டையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டினால் அந்த செட் முடியும்வரை வெளியே. இரண்டையும் இரண்டு கைகளில் தனித்தனியாகக் காட்டினால் ஆட்டம் முழுக்க வெளியே.

இதுவரை குழப்பம் இல்லை. விதி அச்சில் இருக்கிறது, எல்லாருக்கும் ஒன்றுதான். சிக்கல் ஆரம்பிப்பது ஆட்டம் முடிந்த பிறகுதான்.

விசிலுக்குப் பிறகு தண்டிப்பது யார்?

மூன்று இடங்களிலிருந்து நடவடிக்கை வரலாம்.

ஒன்று, போட்டியை நடத்தும் அமைப்பு. நடுவரின் அறிக்கையை வைத்து, அடுத்த ஆட்டங்களுக்குத் தடை, அணியை வெளியேற்றுவது, முடிவை ரத்து செய்வது போன்றவற்றை அது தீர்மானிக்கும். சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரி மாணவர்கள் பொதுவாக ஆடுவது, 1990-ல் தொடங்கப்பட்ட நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில். அங்கே நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணி. அதற்கு மேலே இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டல, அகில இந்திய அளவிலான போட்டிகள்.

இரண்டு, மாணவர் படிக்கும் கல்லூரி. அணியிலிருந்து நீக்குவது, சஸ்பெண்ட் செய்வது, பெற்றோரை வரவழைப்பது எல்லாம் கல்லூரி நிர்வாகத்தின் கையில்.

மூன்று, போலீஸ். மைதானம் என்பது சட்டம் எட்டாத இடம் இல்லை. ஆட்டத்தின் போக்கில் படும் அடி வேறு, வேண்டுமென்றே தாக்குவது வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவின்படி, வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பதிண்டாவில் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் இந்த விவாதத்தைப் பெரிதாகக் கிளப்பியது 2025 ஜனவரியில் நடந்த சம்பவம். பஞ்சாப் மாநிலம் பதிண்டாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மகளிர் கபடிப் போட்டி. அன்னை தெரசா பல்கலைக்கழகம் உள்ளிட்ட தமிழ்நாட்டு அணிகள் அங்கே போயிருந்தன. ஜனவரி 24-ம் தேதி, பீகாரின் தர்பங்கா பல்கலைக்கழக அணியுடனான ஆட்டத்தில், தங்கள் வீராங்கனை மீது ஃபவுல் செய்யப்பட்டதாகத் தமிழ்நாட்டுத் தரப்பு முறையிட்டது. வாக்குவாதம் கைகலப்பானது. தங்களைத் தாக்கினார்கள் என்று வீராங்கனைகள் புகார் சொன்னார்கள். நாற்காலிகள் பறக்கும் வீடியோ அன்றே பரவியது.

வீராங்கனைகளுக்குப் பெரிய காயம் இல்லை, பத்திரமாக இருக்கிறார்கள் என்று துணை முதலமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் அறிவித்தார். அவர்கள் டெல்லி வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்ப ஏற்பாடு செய்யப்பட்டது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சண்டைக்கு முதல் பொறி, 'ஃபவுல்' என்ற முறையீடு. ஒரு தீர்ப்பு தவறு என்று அணி நினைத்தால், அதைச் சொல்ல எழுத்துப்பூர்வமான வழியும், கேட்க ஒரு ஆளும் அங்கேயே இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், அல்லது இருந்தும் வீரர்களுக்குத் தெரியாத இடத்தில், கோபம் கைக்குப் போய்விடுகிறது.

பெரிய அணிகளுக்கு என்ன தண்டனை கிடைத்தது?

இந்தியாவில் பரம வைரிகளின் ஆட்டம் என்றால் கொல்கத்தாவின் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால். 1980 ஆகஸ்ட் 16-ம் தேதி ஈடன் கார்டனில் நடந்த ஆட்டத்தில் இரண்டு அணியிலும் தலா ஒருவர் வெளியேற்றப்பட்டனர். களத்தில் மூண்ட மோதல் கேலரிக்குப் பரவியது. நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் இறந்தார்கள். அந்த நாளை கொல்கத்தா இன்றும் கால்பந்து ரசிகர்கள் தினமாக நினைவுகூர்கிறது.

2012 டிசம்பர் 9-ம் தேதி இதே அணிகள் சால்ட் லேக் மைதானத்தில் மோதின. மோகன் பகானின் ஒடாஃபாவுக்கு சிவப்பு அட்டை. கேலரியிலிருந்து கல் பறந்து, அந்த அணியின் ரஹீம் நபி மீது பட்டது. இரண்டாம் பாதிக்கு மோகன் பகான் இறங்கவில்லை. அந்த அணிக்கு ஐ-லீக்கில் ஆட 2 ஆண்டுகளுக்கும் மேலாகத் தடை விதிக்கப்பட்டது. பிறகு 2013 ஜனவரியில் தடை நீங்கி, 2 கோடி ரூபாய் அபராதமாக மாறியது.

2023 மார்ச் 3-ம் தேதி பெங்களூருவில் இன்னொன்று. சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோல் செல்லாது என்று சொல்லி கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டங்கள் தடை, 5 லட்சம் ரூபாய் அபராதம். மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இந்த கிளப்களிடம் பணம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. கல்லூரி மாணவரிடம் இதில் எதுவும் கிடையாது. அவரைப் பற்றிய முடிவு பெரும்பாலும் ஒரு அறைக்குள், ஒரே நாளில் எடுக்கப்பட்டுவிடும்.

அமெரிக்கக் கல்லூரிகள் என்ன செய்கின்றன?

கல்லூரி விளையாட்டே பெரும் திருவிழாவாக நடக்கும் நாடு அமெரிக்கா. அவர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டத்தை.

2004 நவம்பரில் கிளெம்சன், சவுத் கரோலினா பல்கலைக்கழக அணிகள் ஆட்டத்தின் நடுவே அடித்துக்கொண்டன. இரண்டு பல்கலைக்கழகங்களும் தாமாகவே ஒரு முடிவெடுத்தன: அந்த ஆண்டு சீசன் இறுதியில் நடக்கும் கௌரவப் போட்டிகளில் ஆட மாட்டோம். கைநீட்டாத வீரர்களும் சேர்ந்தே அந்த வாய்ப்பை இழந்தார்கள்.

2006 அக்டோபரில் மயாமி பல்கலைக்கழகமும் ஃபுளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகமும் மோதியபோது 31 வீரர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். வீடியோவைப் பார்த்து, யார் என்ன செய்தார் என்று பிரித்துத் தண்டித்தார்கள். அதிகம் தவறு செய்த இருவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

2024 நவம்பர் 30-ம் தேதி மிச்சிகன் அணி, ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில் ஜெயித்துவிட்டுத் தன் கொடியை நடுக்களத்தில் நட முயன்றது. அடிதடி. போலீஸ் மிளகு ஸ்பிரே அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம்.

மூன்றும் மூன்று வழி. முதலாவதில் தப்பு செய்யாதவருக்கும் தண்டனை. மூன்றாவதில் பணத்தோடு போயிற்று. ஆளுக்கு ஆள் பார்த்து, செய்ததற்கு ஏற்பத் தண்டித்தது இரண்டாவதுதான்.

சீண்டியவருக்கு தண்டனை உண்டா?

உண்டு. 2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தலையால் முட்டிய ஜிடேனுக்கு ஃபிஃபா 3 ஆட்டங்கள் தடை விதித்தது. வாயால் சீண்டிய இத்தாலி வீரர் மட்டராஸிக்கும் 2 ஆட்டங்கள் தடை. முட்டியது பெரிய குற்றம், ஆனா சீண்டியதும் குற்றம் என்பதே அந்தத் தீர்ப்பு.

நம் ஊரில் இந்தப் பாதிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. வீடியோ எடுப்பவர் ஃபோனை எடுப்பது சண்டை ஆரம்பித்த பிறகுதான். அடித்தது பதிவாகிறது. அதற்கு முன் சொன்ன வார்த்தை பதிவாவதில்லை.

தென் மாவட்டங்களில் இது ஏன் இன்னும் முக்கியம்?

தென்காசி, நெல்லை, தூத்துக்குடி பக்கம் மின்னொளி கபடி இல்லாத திருவிழா குறைவு. ஊர்ப் பெயரில், சில இடங்களில் ஊருக்குள்ளே தெருப் பெயரில் அணிகள் இருக்கும். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் சூழலும் இருக்கிறது. 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் வந்த 'பைசன்' படம் பேசியதும் இந்தச் சூழலைத்தான்.

கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கேட்ட வழக்குகளில், வீரர்களின் உடையிலோ மைதானத்திலோ சாதி, கட்சி அடையாளங்கள் இருக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை விதித்ததும் இதனால்தான். 2023 நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டத் தடை வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது.

ஒரு மாணவர் எதிராளியைச் சாதி சொல்லித் திட்டினால், அது மஞ்சள் அட்டையோடு முடியும் விஷயம் இல்லை. திட்டப்பட்டவர் பட்டியலின அல்லது பழங்குடி சமூகத்தவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்காகலாம்.

போட்டி மனப்பான்மையே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பத்மன் என்ற நாக அரசர்கள் போட்டுக்கொண்ட சண்டைதான் சங்கரநாராயணர் கோயிலின் தல வரலாறே. இருவரையும் ஒரே உருவில் காட்டி அந்தச் சண்டை தீர்க்கப்பட்டது. நம்ம காலேஜ்தான் பெருசு என்று கத்துவதில் தப்பில்லை. எதிராளி மேல் கை போகும் இடம்தான் கோடு.

ஒரு மாணவர் எதை இழப்பார்?

வெளியே இருப்பவர்களுக்கு 'ஒரு வருஷம் தடைதானே' என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிச் சான்று செல்லும். அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது.

இளநிலைப் படிப்பு 3 ஆண்டுகள். முதல் ஆண்டில் பெரும்பாலும் அணியில் இடம் கிடைப்பதே கஷ்டம். மீதி இரண்டில் ஓராண்டு தடை என்றால், சான்றிதழுக்கான வாய்ப்பில் பாதி போய்விட்டது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தாள்தான் போலீஸ் வேலைக்கோ ரயில்வே வேலைக்கோ வழி.

அதற்காக அடித்தவரைச் சும்மா விட முடியுமா? முடியாது. அடி வாங்கியவரும் அதே மாதிரி வீட்டிலிருந்து வந்த மாணவர்தான். முழங்கால் போனால் அவருக்கும் அந்தத் தாள் கிடையாது.

அப்போ, தண்டனை எப்படி இருக்க வேண்டும்?

* விசாரணை: தண்டனைக்கு முன் மாணவரிடம் என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இது சலுகை இல்லை, இயற்கை நீதியின் அடிப்படை.
* ஆதாரம்: பரவும் 20 நொடி வீடியோ மட்டும் போதாது. நடுவர் அறிக்கை, முழு வீடியோ, இரண்டு அணிகளின் வாக்குமூலம் எல்லாம் வேண்டும்.
* அளவு: தள்ளியவருக்கும் நாற்காலி எடுத்தவருக்கும் ஒரே தண்டனை கூடாது.
* சமம்: இரண்டு கல்லூரிக்கும், சீண்டியவருக்கும், தூண்டிவிட்ட பயிற்சியாளருக்கும் ஒரே விதி.
* காலம்: தடை எந்தத் தேதியில் முடிகிறது என்று உத்தரவில் இருக்க வேண்டும். 'மறு உத்தரவு வரும்வரை' என்றால் அந்த மாணவர் படிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.
* மேல்முறையீடு: யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று சொல்ல வேண்டும்.

நடவடிக்கைக்கு உள்ளாகும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது, உத்தரவின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குவது. உடற்கல்வி இயக்குநர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. அடுத்து, தன் தரப்பை அன்றே தேதி போட்டு எழுதிக் கொடுப்பது. காயம்பட்டவர் அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து, காயம் குறித்த பதிவை வாங்கி வைப்பது முக்கியம்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சீசன் தொடங்கும் முன், எந்தத் தப்புக்கு என்ன தண்டனை என்று ஒரே பக்கத்தில் அச்சடித்து, ஒவ்வொரு வீரரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். சண்டை நடந்த பிறகு விதியைத் தேடினால், தண்டனை யார் மேல் கோபம் அதிகமோ அவர் மேல்தான் விழும்.