கொலிஸ்டின்: கைவிடப்பட்ட மருந்து திரும்பி வந்த வரலாறு

மருந்துகளின் வரலாற்றைப் புதிய கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதிப் பழகிவிட்டோம். கைவிடப்பட்ட மருந்துகள் மீண்டும் அழைக்கப்பட்ட கதைகள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. கொலிஸ்டினின் கதை அத்தகையது.

1940களின் இறுதியில், ஜப்பானில் பாக்டீரியம் ஒன்றிலிருந்து இம்மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வைச் சிதைத்து அவற்றை அழிப்பது இதன் இயல்பு. எனினும் சிறுநீரகத்துக்கும் நரம்புகளுக்கும் ஊறு விளைவித்ததால், ஜென்டாமைசின் போன்றவை கிடைத்தபின், 1970களில் மருத்துவர்கள் இதன் ஊசிவழிப் பயன்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டனர்.

நூற்றாண்டின் திருப்பத்தில் நிலை மாறியது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா ஆகியவை கார்பபெனெம் மருந்துகளையும் எதிர்த்து நின்றன. 2010இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, என்டிஎம்-1 நொதியுடைய பாக்டீரியாக்கள் சென்னையிலும் ஹரியானாவிலும் பரவியிருப்பதைக் காட்டியது. நொதியின் பெயரில் புதுதில்லி இடம்பெற்றது குறித்தே பொதுவெளி மிகுதியாக விவாதித்தது. அப்பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவற்றை டைஜிசைக்ளினும் கொலிஸ்டினுமே கட்டுப்படுத்தின என்ற செய்தி பின்தள்ளப்பட்டது.

திரும்பி வந்த மருந்து முழுமையான அறிவுடன் வரவில்லை. இன்றைய மருந்து ஒப்புதல் நெறிகள் உருவாகும் முன்னரே புழக்கத்துக்கு வந்தது அது. உடலுக்குள் சென்றபின்னரே செயல்வடிவம் பெறும் முன்மருந்தாக அது செலுத்தப்படுகிறது. ஒரு நாட்டில் மில்லிகிராம், மற்றொரு நாட்டில் அலகு என அளவீடும் வேறுபட்டது. ஆகவே உரிய அளவு எது என்பதை நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டே ஆராய வேண்டியிருந்தது.

மருத்துவமனைகள் மறந்திருந்த காலத்திலும் கால்நடைப் பண்ணைகள் இம்மருந்தை மறக்கவில்லை. பிளாஸ்மிட் வழியே ஒரு பாக்டீரியத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் எம்சிஆர்-1 எதிர்ப்பு மரபணு சீனாவில் பன்றிகள், இறைச்சி, நோயாளிகள் ஆகிய மூன்றிலும் கண்டறியப்பட்ட செய்தி 2015 நவம்பரில் வெளியானது. உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது.

தடை அவசியமானது, ஆனால் போதுமானதன்று. இந்திய மருத்துவமனைகளின் கிளெப்சியெல்லாவில் காணப்படும் கொலிஸ்டின் எதிர்ப்பு பெரும்பாலும் குரோமோசோம் மாற்றங்களால் விளைவது. அதாவது, சிகிச்சையில் நாம் பயன்படுத்தும் முறையே அதற்கு இடமளிக்கிறது. புதிதாக வந்த செஃப்டாசிடைம்-அவிபாக்டமும் என்டிஎம் நொதியைத் தனித்துத் தடுப்பதில்லை. எனவே கொலிஸ்டினின் வரலாற்றை மீட்சியின் வரலாறாக மட்டும் எழுத இயலாது. பயன்படுத்தாமல் விட்டதாலேயே எஞ்சியிருந்த ஆற்றலை எவ்வளவு விரைவாகச் செலவழித்தோம் என்பதையும் அதில் எழுத வேண்டும்.