வரையும்போதே காட்டிய கோடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு ராக்கெட் புதிதல்ல. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், நேர்க்கோட்டில் 40 கி.மீ.க்குள் ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா. நெருப்பு உடனே தெரிந்துவிடும். உறுமல் வந்து சேர ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் கையிலிருக்கும் செல்போனில் ஓடும் நேரலையில் ஒரு கோடு வெகுதூரம் ஏறியிருக்கும்.

2019 ஜூலை 22, பிற்பகல் 2.43. சந்திரயான்-2 கிளம்பியது, கோடும் கிளம்பியது. திரையில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று முன்பே கணக்கிட்டு முழுதாக வரைந்து வைத்தது. மற்றது அப்போதுதான் பிறப்பது. பள்ளியில் சார்பு என்று படிக்கிறோமே, அதுதான்: ஒவ்வொரு நொடிக்கும் ஓர் உயரம். ராடாரும் ராக்கெட்டில் உள்ள கருவிகளும் அனுப்பும் எண்களைக் கணினி உயரமாக மாற்றுகிறது. ஒரு புள்ளி விழுகிறது. அடுத்தது விழும்வரை கோட்டுக்கு அதுவே முனை. கணக்கு முழுதும் முடியட்டும் என்று காத்திருந்தால் படம் சுத்தமாக வரும், பயன்தான் இருக்காது. பாதை தவறும் ராக்கெட்டை வானிலேயே அழிக்க வேண்டிய பாதுகாப்பு அதிகாரிக்கு அந்த முனைதான் கண். 2010 டிசம்பர் 25-ல் ஜிஎஸ்எல்வி-எஃப்06 அப்படித்தான் அழிக்கப்பட்டது.

சந்திரயான்-2 ஏறிய பதினாறு நிமிடமும் பிசகில்லை. சோதனை செப்டம்பர் 7 அதிகாலையில் வந்தது. பெங்களூரு கட்டுப்பாட்டு அறையின் திரையில், சந்திரயான்-2 சுமந்து சென்ற தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் இறங்க வேண்டிய பாதை சிவப்பில். இறங்கும் பாதை பச்சையில். நிலவிலிருந்து சிக்னல் வர ஒன்றேகால் நொடிக்கு மேல் ஆகும் என்பதால், பச்சை முனை எப்போதும் சற்று முந்தைய விக்ரமைத்தான் காட்டியது. 30 கி.மீ. உயரத்தில் தொடங்கிய இறக்கம் ஒழுங்காக வந்தது. சுமார் 2 கி.மீ. உயரத்தில் பச்சை சிவப்பை விட்டு விலகியது. பிறகு நின்றது. அறிவிப்பு வருவதற்கு முன்பே, விழித்திருந்து பார்த்த நாட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்தக் கோட்டை மறைக்காமல் காட்டியதை இஸ்ரோ செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன். வெற்றி உறுதியான பிறகு படம் காட்டுவது யாராலும் முடியும். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 தரை தொட்டபோது எழுந்த கைதட்டலுக்கு அவ்வளவு கனம் இருந்ததற்கு, விலகிப் போன பச்சைக் கோட்டை மக்கள் தங்கள் கண்ணால் பார்த்திருந்ததும் ஒரு காரணம்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ராக்கெட் போகும்போது பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் புகையைக் காட்டுங்கள். கையோடு வகுப்புக்குக் கூட்டி வந்து அந்தக் கோடு வளர்வதையும் காட்டுங்கள்.