காணியிலிருந்து அடுப்படி வரை: உழவு இயந்திரத்தில் விறகு ஏற்றுவோர் அறிந்திருக்க வேண்டியவை

வன்னியில் காலபோக அறுவடை முடிந்து நிலம் இறுகியதும் உழவு இயந்திரங்களின் கலப்பை கழற்றப்பட்டு, பின்னால் பெட்டி கொழுவப்படும். மணல், கல், வைக்கோல் என்று அந்தப் பெட்டி சுமப்பவற்றுள் விறகும் ஒன்று. மாரி மழை தொடங்குமுன் அடுத்த சில மாதங்களுக்கான விறகைக் கொண்டுவந்து அடுக்கிவிட வேண்டும் என்பதால், சோளகம் வீசும் மாதங்களில் காட்டோரக் கிராமங்களின் கிரவல் வீதிகளில் விறகுப் பெட்டிகளைக் காணாத நாள் குறைவு.

எங்கள் மக்களுக்கு விறகு வெறும் எரிபொருள் மட்டுமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தில் சைக்கிள்களில் விறகு கட்டி விற்றே பல குடும்பங்கள் பிழைத்தன. 2022இல் 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு உயர்ந்தபோது, அடுப்பைக் கைவிட்டிருந்த வீடுகளும் மீண்டும் விறகைத் தேடின. நெருக்கடி வரும்போதெல்லாம் நாங்கள் திரும்பிப் போகும் இடம் இந்த அடுப்புத்தான். ஆனால் விறகை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கும் ஆபத்துகளும் சட்டச் சிக்கல்களும் அதிகம் பேசப்படுவதில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் விறகு ஏற்றுவோருடன் சென்று பார்த்தவற்றையும், அந்த வேலையின் அடிப்படைகளையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

விறகு எங்கிருந்து வருகிறது?

மீள்குடியேறியவர்களில் பலர் தங்கள் காணிக்குத் திரும்பியபோது அங்கே கண்டது பற்றைக்காடு. ஆட்கள் இல்லாத ஆண்டுகளில் முற்றத்திலும் வளவிலும் மரங்கள் தடித்து வளர்ந்திருந்தன. துப்புரவு செய்யும்போது விழுந்த மரங்களே பலருக்கு முதல் விறகு. இன்று வீட்டு வளவு, மேட்டுநிலம், வேலி மரங்கள், தோட்டத்து முதிர்ந்த மரங்கள் ஆகியவையே தனியார் விறகின் முக்கிய மூலங்கள். வேம்பு, பூவரசு, இப்பிலிப்பில், கிளிசரியா போன்றவை வீட்டு அடுப்புக்குப் போதும். பாலை, வீரை போன்ற காட்டு மரங்கள் நின்று எரியும். ஆனால் அவற்றை நினைத்தபடி வெட்டி ஏற்ற முடியாது.

ஒரு பெட்டியில் எவ்வளவு?

பெட்டியின் கொள்ளளவைக் கண்ணால் மதிப்பிடுவதே வழக்கம். ஆனால் எடை கண்ணுக்குத் தெரியாது. பத்து அடி நீளம், ஐந்து அடி அகலம், இரண்டு அடி உயரம் கொண்ட பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.8 கன மீற்றர். விறகை அடுக்கும்போது இடையிலே காற்று இருப்பதால், உண்மையான மரம் அதில் அறுபது சதவீதமளவு, சுமார் 1.7 கன மீற்றர். பாலை போன்ற வைரமான மரம் தண்ணீரில் தாழக்கூடியது. ஒரு கன மீற்றர் ஆயிரம் கிலோவைத் தாண்டும். ஆகவே பெட்டியின் விளிம்பு மட்டத்துக்கு ஏற்றினாலே 1,700 கிலோவுக்கு மேல் வரும். விளிம்புக்கு மேலே இன்னும் இரண்டு அடி கட்டினால் அது 3,400 கிலோ. பெரும்பாலான பெட்டிகளுக்குத் தனி பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் நிறுத்த வேண்டியது முன்னால் உள்ள உழவு இயந்திரம் மட்டுமே.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மிசின் ஓட்டும் ஓர் அண்ணை சொன்னார்: "ஏத்திறது பெரிய வேலை இல்லைத் தம்பி. ஏத்தினதை நிப்பாட்டத் தெரியவேணும். அதுதான் ஓட்டம்."

பாரத்தை வைக்கும் முறை

இரண்டு சில்லுப் பெட்டியில் பாரம் அச்சுக்குச் சற்று முன்பக்கமாக இருக்க வேண்டும். அப்போது இழுவைக் கொக்கியில் கொஞ்ச எடை கீழ்நோக்கி அழுத்தி, உழவு இயந்திரத்தின் பின் சில்லுகளுக்கு நிலத்தில் பிடிப்பைக் கொடுக்கும். பாரம் பின்பக்கம் கூடினால் கொக்கி மேலே இழுபடும். பின் சில்லுகளின் பிடி தளரும். பிரேக் அழுத்தினாலும் வண்டி வழுக்கும்.

மரக்குற்றிகளை நீளவாக்கில், தடித்த முனையை முன்பக்கம் வைத்து அடுக்குவது நல்லது. பெரியவை அடியில், சிறியவை மேலே. கயிறு மட்டும் போதாது. உருளும் குற்றிகளுக்குச் சங்கிலி வேண்டும். அரை மைல் போனதும் இறங்கி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் குலுக்கத்தில் விறகு இறங்கிக் கட்டுத் தளர்ந்துவிடும். விறகின் மேல் ஆட்களை, குறிப்பாகப் பிள்ளைகளை, ஏற்றக்கூடாது. பெட்டி சரியும்போது மேலே இருப்பவர் விறகுக்கு அடியில் அகப்படுவார்.

குற்றியை இழுக்கும்போது

பெட்டி போக முடியாத இடத்திலிருந்து பெரிய குற்றிகளைச் சங்கிலி போட்டு இழுப்பார்கள். இந்த வேலையில் உயிர் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. சங்கிலியை உழவு இயந்திரத்தின் தாழ்வான இழுவைக் கொக்கியில் மட்டுமே கொழுவ வேண்டும். பின் அச்சுக்கு மேலே, மேற்புற இணைப்பிலோ இருக்கைக்குக் கீழோ கொழுவினால், குற்றி எங்காவது தடக்கி நிற்கும் கணத்தில் எஞ்சினின் விசை முன் சில்லுகளைத் தூக்கும். முன்பக்கம் எழுந்து சாரதியின்மேல் கவிழ ஒன்றிரண்டு விநாடிகள் போதும். கிளச்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பின் சில்லு சேற்றில் புதைந்தாலும் இதே ஆபத்து உண்டு. சில்லுக்கு முன்னால் கட்டை போட்டு முன்னோக்கி எழுப்பப் பார்க்கக்கூடாது. பாரத்தைக் கழற்றிவிட்டு, பின்னோக்கி எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

வன்னி சமதரை என்றாலும் குளக்கட்டும் வாய்க்கால் இறக்கமும் உண்டு. இறக்கத்துக்கு முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்ற வேண்டும். இறங்கும்போது கிளச்சை மிதிக்கவோ கியரை விடவோ கூடாது. வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக விடப்பட்டிருக்கும் இடது, வலது பிரேக்குகளை வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கச் சில்லு மட்டும் நின்று, பின்னால் வரும் பெட்டி வண்டியை மடக்கிவிடும்.

மண்ணிலும் மரத்திலும் யுத்தம்

இந்த வேலையில் எங்கள் பிரதேசத்துக்கே உரிய ஆபத்து யுத்தம் விட்டுச்சென்றது. ஷெல் சிதறல்கள் பல மரங்களுக்குள் இன்னும் இருக்கின்றன. மரம் காயத்தை மூடி வளர்ந்துவிடுவதால் வெளியே தெரிவது ஒரு வீக்கமோ நீளமான வடுவோ மட்டும். துவர்ப்புத்தன்மை உள்ள மரத்தில் இரும்பு இருந்தால், அறுத்த முகத்தில் கருநீலக் கறை படர்ந்திருக்கும். அதைக் கண்டதும் அறுப்பதை நிறுத்த வேண்டும். இரும்பில் மோதும் மெசின் வாளின் சங்கிலி அறுந்து அறுப்பவரின் முகத்தில் அடிக்கலாம்.

அதைவிடப் பெரியது மண்ணுக்குள் இருப்பது. முகமாலை உள்ளிட்ட முன்னரங்கப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி யுத்தம் முடிந்து பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது. விறகு பொறுக்கப் போனவர்கள் மிதிவெடியில் கால் இழந்த கதை எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையைத் தாண்டிக் கிடக்கும் எந்த விறகும் அந்தக் காலுக்கு ஈடல்ல. பலகை இல்லாத இடமென்றாலும், ஊரவர் வழமையாகப் பாவிக்காத பாதையில் உழவு இயந்திரத்தை இறக்கக்கூடாது. காணி துப்புரவு செய்து குவித்த சருகை அந்த இடத்திலேயே கொளுத்துவதும் ஆபத்தானது. சூட்டில் மண்ணுக்கடியில் இருக்கும் வெடிபொருள் வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை, அவை சொந்தக் காணியில் நின்றாலும், அனுமதியின்றி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. அனுமதிக்குப் பிரதேச செயலகத்தை நாட வேண்டும். காட்டு மரங்களுக்கும் மரப் போக்குவரத்துக்கும் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காடுகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். அது 2009இல் இறுக்கமாகத் திருத்தப்பட்டது.

இச்சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று வாகனப் பறிமுதல். குற்றம் நிரூபிக்கப்பட்டால் மரத்தோடு அதை ஏற்றிய வாகனமும் அரசுடைமையாகலாம். வாகனத்தின் சொந்தக்காரர் அந்த இடத்திலேயே இல்லாவிட்டாலும், குற்றத்தைத் தடுக்கத் தன்னாலான முற்காப்புகளை எடுத்ததாக அவர்தான் நிரூபிக்க வேண்டும். லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரத்தை ஒரு நாள் கூலிக்குக் கொடுத்தவர், ஒரு பெட்டி விறகுக்காக வாகனத்தையும் இழந்து, தவணையையும் கட்டிக்கொண்டிருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. 2009இல் எல்லாவற்றையும் கடற்கரை மணலில் விட்டுவந்து, பின்னர் கடன்பட்டு ஒரு மிசின் வாங்கிய குடும்பத்துக்கு அது இரண்டாவது இழப்பு.

எனவே ஏற்றுமுன் மூன்றை உறுதிசெய்யுங்கள். ஒன்று, காணி யாருடையது என்பதற்கான ஆவணம். இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள், பல வருடங்கள் காடாகக் கிடந்து பின்னர் எல்லைக்கல் நாட்டப்பட்ட காணிகளில் கைவைக்குமுன், பிரதேச செயலகத்தில் எழுத்துமூலம் தெளிவுபெற வேண்டும். இரண்டு, அந்த மரத்துக்கு வெட்டும் அனுமதியும் ஏற்றும் அனுமதியும் வேண்டுமா என்று வட்டார வன அலுவலகத்தில் கேட்பது. மூன்று, பகலில் ஏற்றி, பகலிலேயே இறக்குவது. வாகனத்தைக் கூலிக்குக் கொடுப்பவர் அந்த ஆவணங்களின் பிரதியை வாங்கித் தன்னிடம் வைத்திருக்க வேண்டும்.

வாங்குவோருக்கு

பச்சை விறகின் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தண்ணீராக இருக்கலாம். அதை அந்தர்க் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பச்சையாயின் பெட்டிக் கணக்கிலும், காய்ந்ததாயின் அந்தர்க் கணக்கிலும் வாங்குவது இலாபம். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் பலர் விறகைக் கூலிகொடுத்தே எடுப்பிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. பிளந்து, மழைபடாமல், நிலத்தில் முட்டாமல் அடுக்கி, சில மாதங்கள் காயவிட்ட விறகு புகையையும் குறைக்கும்.

சாதாரண மூன்று கல் அடுப்பில், ஒரு 12.5 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 150 கிலோ காய்ந்த விறகு தேவைப்படும். அது மூன்று அந்தர். சூடு வெளியே போகாத மேம்படுத்தப்பட்ட அடுப்பு இந்தத் தேவையை நன்றாகக் குறைக்கும்.

காட்டையே நம்பியிராமல் இருக்க வேலியும் ஒரு வழி. வெட்ட வெட்டத் துளிர்க்கும் கிளிசரியாவை 2005இல் அரசாங்கம் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. அதன் இலை ஆட்டுக்கும் வயலுக்கும், தடி அடுப்புக்கும் உதவும். தடியை மாரி தொடங்கும்போது ஊன்றினால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. சொந்த வேலியில் வெட்டிய விறகை வீட்டுக்குக் கொண்டுவர உழவு இயந்திரமும் வேண்டியதில்லை.