இரு கை அள்ளிய அரிசி



மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் காத்தான்குடி இருக்கிறது. அக்கரையில் நெல்வயல்கள். 1626இல் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். மதீனாவில் பேரீச்சம்பழத்தாலும் கோதுமையாலும் அளக்கப்பட்ட ஒரு கடன் இந்த வாவிக்கரையில் அரிசியால் அளக்கப்படலாயிற்று. அந்தக் கடனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ரமழான் நோன்பு ஹிஜ்ரி 2இல், அதாவது கி.பி. 624இல், கடமையாயிற்று. நோயாளியும் பயணியும் விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். முதுமையால் தளர்ந்தவருக்கும் தீராப் பிணியாளருக்கும் அதுவும் இயலாது. அவர்கள் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு ஒரு 'முத்து' தானியம் கொடுப்பார்கள். இதுவே பித்யா. இந்த முத்து கடலில் குளிப்பதன்று. நடுத்தரமான ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இன்றைய நிறையில் 600 முதல் 750 கிராம் வரை கணிப்பர். நபித்தோழர் அனஸ் முதுமையில் நோன்பு நோற்க இயலாதபோது ஏழைகளுக்கு ரொட்டியும் இறைச்சியும் உண்ணக் கொடுத்தார்.

கப்பாரா என்னும் குற்றப்பரிகாரம் இதனிலும் கடுமையானது. ரமழான் பகலில் மனைவியுடன் கூடி நோன்பை முறித்தவர் ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். இயலாவிடில் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். அதுவும் இயலாவிடில் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும்.

இக்குற்றத்தோடு ஓர் ஏழை நபிகளாரிடம் வந்தார். மூன்றுமே தம்மால் இயலாது என்றார். அவ்வேளை ஒரு கூடை பேரீச்சம்பழம் வந்தது. இதைத் தருமம் செய்யும் என்று நபிகளார் கொடுத்தார்கள். மதீனாவில் எங்கள் வீட்டைவிட வறிய வீடு இல்லையே என்றார் அவர். நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்து, உம் வீட்டாருக்கே உண்ணக் கொடும் என்றார்கள்.

இரு நூற்றாண்டுகள் கழித்து ஸ்பெயினின் குர்துபாவில் இதே குற்றத்தைச் செய்தவர் அரசர், 822 முதல் 852 வரை ஆண்ட இரண்டாம் அப்துர் ரஹ்மான். மாலிகி மத்ஹபில் மூன்றில் எதையும் தேர்ந்து கொள்ளலாம். ஆயினும் அறிஞர் யஹ்யா இப்னு யஹ்யா, இரண்டு மாதம் நோன்பு நோற்கவே வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டோருக்கு, அடிமையை விடுவிப்பது அரசருக்கு எளிது, நாள்தோறும் குற்றம் செய்து நாள்தோறும் ஒருவரை விடுவிப்பார் என்றார். இத்தகைய தீர்ப்பை 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி மறுத்தார். ஆளைப் பார்த்துச் சட்டத்தை மாற்றினால் மன்னர்கள் உலமாக்களின் சொல்லை நம்பமாட்டார்கள் என்பது அவர் வாதம்.

வாதத்தில் கஸ்ஸாலியே வெல்கிறார். எனினும் யஹ்யாவின் அச்சம் பொய்யன்று. பரிகாரம் விலையாகிவிட்டால் செல்வர் குற்றத்தையும் விலைக்கு வாங்குவர்.

இச்சட்டங்களைப் பாமரரும் அறியச் செய்தவருள் ஒருவர் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). அரபுத்தமிழில் அவர் எழுதிய 'பத்ஹுத் தய்யான்' இலங்கையிலும் பயிலப்பட்டது. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பிள்ளைக்குத் தீங்கு வருமென்று அஞ்சி நோன்பை விட்ட கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் களாவோடு பித்யாவும் கொடுக்க வேண்டும். ஆகவே இக்கணக்கைப் பெண்களே அதிகம் அறிந்திருந்தால் வியப்பில்லை.

ஹனபிகள் பெறுமதியைப் பணமாகவும் கொடுக்கலாம் என்பர்; ஷாபிஈ நூல்கள் தானியத்தையே கேட்கின்றன. தானியத்தில் ஒரு நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். நோன்பு நோற்பவர் தாமே பசித்திருக்கிறார். நோற்க இயலாதவர் இன்னொருவரின் பசியை நினைக்க வேண்டும். காசைக் கொடுத்தவருக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது. அரிசியை அளப்பவரோ, அது எந்த வீட்டு உலையில் விழும் என்று ஒரு கணமேனும் எண்ணாமல் இருக்க முடியாது.